வேப்பிலைக்கு வந்த விசாரணை

போன வாரம் குகன் அண்ணைக்கு நகரசபையிலிருந்து ஒரு கடிதம். புதுக் கடையைத் திறக்கக் கூடாதாம். காரணம்?

அடியேன்தான்.

நாங்கள் குடியேறிய இந்த நாட்டில், தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதியான லா சப்பலில் அண்ணைக்குப் பூசைச் சாமான் கடை. சாம்பிராணி, விபூதி, காய்ந்த வேப்பிலை எல்லாம் கிடைக்கும். இப்போது புறநகர் ஒன்றில் இரண்டாவது கடைக்கு இடம் பிடித்திருக்கிறார். "பெயர்ப்பலகையை நீயே கீறித் தாவன்" என்றார். பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த மாம்பழத்துக்குக் கத்தரிக்காய் என்று மார்க் விழுந்த கதை அவருக்குத் தெரியாது, பாவம்.

வேப்பிலைக் கொத்து வரைந்தேன். பல்லுப் பல்லாக விளிம்பு, பளிச்சென்று பச்சை. லா சப்பலில் பார்த்தவர்கள் அம்மனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். புறநகரில் பார்த்தவர்கள், கஞ்சா என்று நகரசபைக்குப் போன் போட்டார்கள்!

போதை ஏற்றாத கஞ்சாச் சரக்கு விற்கிற 'சிபிடி' கடைகள் இருக்கின்றன அல்லவா? அந்த நகரில் அவை பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது. அண்ணையின் கடைக்கு எதிரிலேயே பாலர் பள்ளி. ஆனால் தெருமுனையைத் தாண்டினால் அடுத்த நகரம். அங்கே அந்த விதி இல்லை. ஒரு சிபிடி கடை ஜாம் ஜாமென்று நடக்கிறது. அதே பள்ளிக்கூடம், அதே பிள்ளைகள்... இலைக்கும் விசா வேண்டும் போலிருக்கிறது!

வெள்ளிக்கிழமை திறப்புவிழா. அதற்குள் அனுமதி வராவிட்டால் கட்டடச் சொந்தக்காரர் சாவியைத் திருப்பிக் கேட்பார். புதன்கிழமை ஓர் அதிகாரி அம்மையார் நேரில் வந்தார். சாம்பிராணிப் பொட்டலத்தை முகர்ந்து, "இது எதற்கு?" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "மேடம், வெள்ளிக்கிழமைகளில் குடும்பமாகக் கூடிக் கொளுத்துவோம். மனசு அப்படியே அமைதியாகிவிடும்."

அம்மையார் குறிப்பேட்டைத் திறந்தார்.

"டேய், நீ கீறினதே போதும். இனிக் கதைச்சும் என்னை உள்ளுக்கை தள்ளப் போறியோ?" என்று அண்ணை பல்லைக் கடித்தார். பிறகு ஒரு பிடி காய்ந்த வேப்பிலையை என் கையில் திணித்தார். "இந்தா, தின்."

"தேத்தண்ணி ஒண்டும் இல்லாமலோ அண்ணை?"

"ஓம். அவ பாக்கட்டும்."

மென்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வலது கண் தானாக மூடிக்கொண்டது. காது இரண்டும் பின்னால் போயின. நாக்கு என்னோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது. வாயைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தேன் — அது இன்னும் மோசமாக இருந்திருக்க வேண்டும்.

அம்மையார் பதறிப்போய்த் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தவர், "இதை யாரும் சுகத்துக்காக வாங்க மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டு, கடையைத் திறக்கலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

இந்த நாட்டு அலுவலகங்களுக்கு எத்தனையோ பத்திரங்கள் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று குறையும். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட முதல் ஆவணம், என் மூஞ்சிதான்!