ஒன்பது சைக்கிளும் ஒரே பூட்டும்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஆடி மாதத் திங்கட்கிழமை. காலை ஒன்பதரை மணிக்கு வேங்கிக்கால் பக்கம் ஒரு அரசாங்க ஆபீஸ் வாசலில் எங்கள் சைக்கிள் சங்கத்து ஆட்கள் ஒன்பது பேர் நின்றிருந்தோம். எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். திருவண்ணாமலையில் தையல் கடை வைத்திருக்கும் எங்கள் தலைவர் வந்திருந்தார். செயலாளர் என்ற முறையில் நான். பால்காரர், லேத் பட்டறைக்காரர் என்று இன்னும் ஆறு பேர். ஒன்பதாவது ஆள் அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒரு அக்கா, சங்கத்தில் இருந்த ஒரே பெண். வராதது பொருளாளர் ஒருத்தர்தான். சேத்துப்பட்டில் மாமியார் வீட்டில் கூழ் ஊத்துறாங்கனு சனிக்கிழமை போனவர், திங்கட்கிழமை ஆகியும் திரும்பவில்லை.

ஒரு ஆள் வராததில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தோம்.

எங்கள் சங்கம் பெரிய சங்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து மலையைச் சுற்றி மிதிப்போம், பள்ளிக்கூடப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்போம். அப்புறம் மனு கொடுப்போம். உண்மையைச் சொன்னால் மிதித்ததைவிட மனு கொடுத்ததுதான் ஜாஸ்தி. அதற்குக் காரணம் நான். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான்தான். அப்பா கைநாட்டு. ஒரு காகிதத்தில் 'பெறுநர்', 'பொருள்' என்று ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் உலகம் திருந்திவிடும் என்று அப்போது மனசார நம்பினேன்.

அன்றைய மனு சைக்கிள் ஸ்டாண்டுக்காக. அந்த ஆபீஸில் ஸ்கூட்டருக்கு ஷெட் இருந்தது, ஜீப்புக்கு ஷெட் இருந்தது, சைக்கிளுக்கு மட்டும் இல்லை. மரத்தடியில் சாய்த்தால் வாட்ச்மேன் காற்றைப் பிடுங்கிவிடுவார் என்று எங்கள் ஆட்கள் புகார் சொன்னார்கள். அதையும் மூன்றாவது பாராவில் சேர்த்திருந்தேன். "வாயிற்காவலர் மிதிவண்டியில் வரும் பொதுமக்களை இழிவாக நடத்துகிறார்" என்று. அந்த வாக்கியத்தை நாலு தடவை திருத்தி எழுதினேன். எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

இப்போது எங்கள் சங்கிலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் கூட்டம் போட்டால் அரை மணியில் ஒவ்வொருத்தராக சைக்கிளை எடுத்துக்கொண்டு நழுவிவிடுவார்கள். தீர்மானம் வாசிக்கும்போது தலைவரும் நானும் மட்டும் இருப்போம். அதனால் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நீளமான ஒரு இரும்புச் சங்கிலியை எல்லார் சைக்கிளின் முன்சக்கரத்திலும் விட்டு வாங்கி, ஒரே பூட்டு. கூட்டம் முடிந்தால்தான் திறப்பு. "ஒற்றுமைச் சங்கிலி" என்று அதற்குப் பெயர் வைத்து விதிமுறைகளில் எழுதியதும் நான்தான். சாவி பொருளாளரிடம் இருக்கும்.

அந்த அக்காவை அன்று வரச்சொன்னதும் நானே. அவர்களுக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு இன்டர்வியூ இருந்தது. கிராமத்தில் தபால் பட்டுவாடா செய்கிற வேலை. சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், சொந்த சைக்கிளோடு வந்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று கடிதத்திலேயே போட்டிருந்தது. வீட்டுக்காரர் தவறிப்போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகள். பூக்கட்டி விற்கிற வருமானம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான், "ஒரு பெண் இருந்தால்தான் மனுவுக்கு மரியாதை, அக்கா. பதினோரு மணிக்குள்ள அனுப்பிடறேன்" என்று கெஞ்சிக் கூட்டி வந்தேன்.

பொருளாளர் ஊருக்குப் போகிற அவசரத்தில் சங்கிலியையும், வாய் திறந்திருந்த பூட்டையும் தலைவர் கடையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் ரகம் அது. ஸ்டாண்டு இல்லாத கொடுமை எல்லார் கண்ணிலும் படட்டும் என்று வாசலில் இருந்த நோட்டீஸ் போர்டின் இரும்புக் காலில் சங்கிலியைச் சுற்றி, ஒன்பது முன்சக்கரத்திலும் விட்டேன். வாட்ச்மேன் ஓடி வந்தார். ஐம்பது வயசு இருக்கும், தொளதொள காக்கி. போர்டு மறைக்குது, இங்கே கட்டாதீங்க என்றார். பொதுமக்களின் உரிமை பற்றி அவருக்கு ஒரு பத்து நிமிஷம் விளக்கம் சொன்னேன். சொல்லி முடித்து, அவர் பார்க்கப் பார்க்கப் பூட்டை அழுத்தினேன். டக்கென்று விழுந்தது.

உள்ளே வரிசை. ஒரு டேபிளில் நம்பர், இன்னொன்றில் முத்திரை. அதிகாரி வர பதினொன்று ஆனது. அக்கா நாலு தடவை மணி கேட்டார்கள். மனுவைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது பதினொன்றே கால். சைக்கிளை எடுக்கலாம் என்று தலைவர் கை நீட்டி என்னிடம் சாவி கேட்டார். நான் அவரிடம் கேட்டேன்.

சாவி பொருளாளரோடு சேத்துப்பட்டில் இருந்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பூட்டை மட்டும் கொடுத்தது பொருளாளர் தப்பு என்றார் தலைவர். வாங்கும்போது பார்த்திருக்க வேண்டாமா என்றார் பால்காரர். லேத் பட்டறைக்காரர் ஒரு கல்லை எடுத்துப் பூட்டை அடித்தார், கல் உடைந்தது. பக்கத்துக் கடையில் வாடகை சைக்கிள் கேட்டுப்பார்த்தோம். இருந்தது எல்லாம் பார் வைத்த உயரமான வண்டி, புடவையோடு ஏற முடியாது. பால்காரர் இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடு வாங்கிவந்தார். இரண்டு பிளேடு ஒடிந்ததுதான் மிச்சம், சங்கிலியில் நகம் கீறின மாதிரி ஒரு கோடு. பொருளாளரைக் கண்டிக்க அவசரக் கூட்டம் போடணும் என்று ஒருத்தர் சொன்னார். அந்த நேரத்தில்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சங்கிலியை வெட்ட ஆள் அனுப்பித் தரும்படி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். 'பொருள்' வரைக்கும் எழுதிவிட்டேன்.

அக்கா தன் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார்கள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்கள்: "நான் நடந்து போயி, சைக்கிள் ஓட்டத் தெரியும்னு வாயால சொன்னா ஒத்துக்குவாங்களா தம்பி?"

எழுதிக்கொண்டிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

வாட்ச்மேன் அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். ஏம்மா, எத்தனை மணிக்குப் போகணும் என்று அக்காவிடம் மட்டும் விசாரித்தார். குனிந்து பார்த்தார். என்னிடம் திரும்பி, "சக்கரத்ததான கட்டி வச்சிருக்கீங்க. சைக்கிள யாரு கட்டனது?" என்றார்.

ஷெட்டுக்குப் பின்னால் போய்த் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். சீட்டுக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த ஸ்பானரை எடுத்தார். அக்கா சைக்கிளின் முன்சக்கர நட்டு இரண்டையும் கழற்றித் தூக்கினார். சக்கரம் சங்கிலியிலேயே கிடந்தது, சைக்கிள் தனியாக வந்துவிட்டது. பிறகு தன் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி அதில் மாட்டினார். அது கொஞ்சம் பெரிய சக்கரம். மட்கார்டு உரசியது, அதையும் கழற்றிப் போட்டார். முன் பிரேக் பிடிக்காது, பின் பிரேக்கை மட்டும் நம்பிப் போம்மா என்றார். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம்கூட இல்லை. நாங்கள் எட்டுப் பேர், தினமும் சைக்கிளில் போகிறவர்கள், சைக்கிளுக்காகச் சங்கம் வைத்தவர்கள், ஸ்பானரைப் பிடித்துக்கொள்ளக்கூட லாயக்கில்லாமல் சுற்றி நின்றோம்.

மூக்கைத் தூக்கின மாதிரி இருந்த அந்த சைக்கிளில் அக்கா ஏறிப் போகும்போது மணி பதினொன்றே முக்கால்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தார்கள். ஓட்டிக் காட்டச் சொன்னார்களாம், இரண்டு சுற்று சுற்றினார்களாம். முன்சக்கரம் ஏன் பெரிசா இருக்குனு கேட்டதற்கு, ஓடுதுங்களே என்று பதில் சொன்னார்களாம். வழியில் ஆணி குத்தி, வாட்ச்மேன் கொடுத்த அந்த முன்சக்கரம் பஞ்சர் வேறு. கையில் காசு இல்லாமல், வரும்போது உருட்டிக்கொண்டே வந்திருந்தார்கள். வாட்ச்மேனுக்கு இரண்டு மணிக்கே டியூட்டி முடிந்துவிட்டது. முன்சக்கரம் இல்லாத சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சேத்துப்பட்டு பஸ்ஸில் பொருளாளர் ஐந்து மணிக்கு வந்து, சாவியை மடியிலிருந்து எடுத்து, என்ன இவ்ளோ பேர் நிக்கறீங்க என்று கேட்டார். அவரை யாரும் அடிக்கவில்லை.

அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது. அதற்கப்புறம் சங்கத்துக்கு வரவில்லை. வழியில் பார்த்தால் சிரிப்பார்கள். கூட்டத்துக்கு வாங்கக்கா என்றால், தபால் இருக்குது தம்பி என்று மிதித்துப் போய்விடுவார்கள்.

அன்று சாயங்காலம் எல்லாரும் கிளம்பின பிறகு நான் வாட்ச்மேனிடம் போனேன். இருபது ரூபாய் நோட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்க்காமல், "மனுவுல மூணாவது பாரா என்னப் பத்தியாமே தம்பி? உள்ள படிச்சிட்டுச் சொன்னாங்க" என்றார்.

எப்போ சொன்னாங்க என்று கேட்டேன்.

"நீங்க பூட்ட கல்லால அடிச்சிட்டு இருந்தப்போ" என்றார். "எழுத்து முத்து முத்தா இருக்குதாம்."

மறுநாளே போய் அந்தப் பாராவை நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். பதிவான மனுவில் ஒரு பாராவை மட்டும் நீக்க வழியில்லை என்றார்கள். இரண்டு மாதம் கழித்து பதில் வந்தது. ஸ்டாண்டு, நிதி வந்ததும் பரிசீலிக்கப்படும். வாயிற்காவலரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது. நான் எழுதின அத்தனை மனுக்களிலும் நடவடிக்கை எடுத்தது அந்த ஒரு பாராவுக்குத்தான்.

அன்றைக்கு அவர் என் இருபது ரூபாயை வாங்கவில்லை. பஞ்சர் ஒட்டுவதற்கு மட்டும் சில்லறையாகக் கேட்டார். எங்கள் சங்கம் அவருக்குக் கொடுத்தது மொத்தம் மூன்று ரூபாய். அவர் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் உறுத்தியிருக்காது என்று, எதையாவது எழுதக் காகிதம் எடுக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.