மனைவி போட்ட பத்து நாள் நிபந்தனை

போன வருடம் ஆடி மாதம், காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியில் நடந்தது இது.

நான் பட்டுச் சேலை நெய்கிறவன். தெருவில் என்னைப் பற்றிக் கேட்டால், வாய் திறக்காத மனுஷன் என்றுதான் சொல்வார்கள். டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தால்கூடச் சொல்லக் கூச்சப்பட்டுக் குடித்துவிட்டு வருவேன். அப்படிப்பட்டவன் தறியில் உட்கார்ந்ததும் வேறு ஆளாகிவிடுவேன். கத்துவேன். அதுவும் ஒரே ஆளிடம்தான், என் மனைவியிடம்.

எங்கள் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். நான் நடுவில் உட்கார்ந்து காலடியில் உள்ள மிதிகளை மாற்றி மாற்றி மிதித்து, நீளவாக்கில் ஏற்றிய பாவு நூலுக்குக் குறுக்கே, ஊடை நூல் சுற்றிய நாடாவை ஓட்டி உடலை நெய்வேன். அவள் என் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

அன்றைக்குத் தறியில் ஒரு முகூர்த்தச் சேலை பாதி ஏறியிருந்தது. அதைக் கட்டப்போகிற பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். கரையும் உடலும் சேருகிற இடத்தில் சின்னதாக ஓர் இடைவெளி விழுந்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான், தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவள் கையிலிருந்த நாடாவை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பினாள். இரண்டு தெரு தள்ளி அவள் தம்பி தறி வைத்திருக்கிறார். அங்கே வேலைக்கு!

"சோறு ஆக்கி வெச்சிருக்கேன், சாப்புடுங்க. ஆனா உங்க பக்கத்துல இனிமே நான் உக்கார மாட்டேன்."

"சேலை பாதியில நிக்குதேமா."

"நிக்கட்டும். ரெண்டு மாசமா அந்த நர்ஸம்மா சொல்லிக்கினு இருக்காங்க இல்ல, தினம் கண்ண மூடி உக்காருங்கன்னு? பத்து நாள் ஒழுங்கா உக்காருங்க. பதினோராவது நாள் நானே வர்றேன்."

அவள் சொன்னது உண்மைதான். எனக்கு ரத்த அழுத்தம் அதிகம். மாத்திரை கொடுக்கிற நர்ஸம்மா, செவிலிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை தியானம் சொல்லித் தருகிறார்கள், போய்ப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஒரு வாரம் மழை. ஒரு வாரம் முட்டி வலி. ஒரு வாரம் எந்தக் காரணமும் கிடைக்காமல், சும்மாவே போகவில்லை.

கரைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் "வீட்டுக்காரம்மா எங்கே?" என்று கேட்பார்களே! அதற்குப் பயந்துதான் அந்த ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஏறினேன்.

வகுப்பு நடந்த இடத்தின் வாசலை இரண்டு முறை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். உள்ளே எல்லாரும் படித்தவர்கள் மாதிரி இருந்தார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, கடைசியில் உட்கார்ந்துகொண்டேன். சொல்லிக் கொடுத்த அம்மா, கண்ணை மூடி நூறு மூச்சு எண்ணச் சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகாது என்றார். முடிந்ததும் நேராக என்னைப் பார்த்து, "ஐயா, ஏதாவது சந்தேகம் இருக்குதுங்களா?" என்றார்.

சந்தேகம் இருந்தது. நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனால் என்ன செய்வது? ஆனால் அத்தனை தலைகள் என் பக்கம் திரும்பியதும், இல்லை என்று தலையாட்டிவிட்டேன்.

வந்த வினை அதுதான். தறியில் ஊடையில் தப்பு விழுந்தால், தப்பு விழுந்த இடம் வரைக்கும் பிரித்துவிட்டுத்தான் மறுபடி நெய்வோம். தப்பை உள்ளே வைத்து மேலே நெய்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. தியானத்தையும் அப்படித்தான் செய்தேன். பதினேழு எண்ணும்போது, பச்சைப் பட்டு இன்னும் சாயப்பட்டறையிலிருந்து வரவில்லையே என்று ஒரு நினைப்பு. எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. சரி, ஒன்றிலிருந்து. முப்பத்திரண்டில் குழம்பு வாசனை. மறுபடியும் ஒன்றிலிருந்து. முதல் நாள் ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்தேன். அறுபதைத் தாண்டவில்லை. எழுந்தபோது இரண்டு காலும் மரத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அடுத்த நாள் அந்தப் பாயைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வீட்டில் பால் இருந்தும் பால் வாங்கப் போனேன். மூன்றாம் நாள் உட்கார்ந்தேன், நாற்பதைத் தொட்டதும் கோபம் வந்து எழுந்துவிட்டேன். கோபம் போவதற்கு என்று ஆரம்பித்த தியானத்தில், கோபம்தான் கூடிக்கொண்டு போனது. நான்காம் நாள் ஒரு தந்திரம் செய்தேன். மனைவி கிளம்புகிற நேரமாகப் பார்த்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று கணக்கு. ஆனால் நான் விட்ட குறட்டை வாசல் வரைக்கும் கேட்டிருக்கிறது.

"ஏங்க, இதான் உங்க தியானமா?" என்று எதிரில் வந்து நின்றாள். "இத்தோட நாலு நாளும் கணக்குல சேராது. அப்படி இன்னாதான் கஷ்டம், சும்மா கண்ண மூடிக்கினு உக்கார்றதுல?"

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். எண்ணிக்கை விட்டுப்போவதை, ஒவ்வொரு தடவையும் ஒன்றிலிருந்து தொடங்குவதை, நூறு வரவே வராததை. அவள் முதலில் உதட்டைக் கடித்தாள். பிறகு டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணணும்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"பாவுல ஒரு இழ அறுந்தா இன்னா பண்ணுவீங்க? பாவையே கழட்டிப் போட்டுட்டுப் புதுசா ஏத்துவீங்களா?"

"அது எப்படிமா? அறுந்த இடத்துல பிணைச்சிட்டு மேல நெய்வேன்."

"அத்த பண்ணுங்க. நெனப்பு போனா போவட்டும். புடிச்சாந்து, விட்ட எடத்துல ஒரு முடிச்சு போட்டுட்டு மேல எண்ணுங்க. இத கேக்கக் கூச்சப்பட்டா நாலு நாள் ஓட்டினீங்க?"

பாயைச் சுருட்டி வைத்தேன்.

மறுநாள் உட்கார்ந்தேன். மனசு இருபது தடவையாவது ஓடியிருக்கும். ஓடின இடத்திலிருந்து பிடித்து வந்து, தோராயமாக எங்கே விட்டேனோ அங்கிருந்து எண்ணினேன். நூறு வந்துவிட்டது! நம்ப முடியாமல் செல்போனில் மணி பார்த்தேன். ஒன்பது நிமிடம். சரியாக எண்ணினேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஆசையாக உட்கார்ந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். தினமும் காலையில் மனசு ஒரு காரணத்தைக் கொண்டுவந்து நீட்டும். நானும் "சரிதான், நீ சொல்றது நியாயம்தான்" என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே பாயை விரித்துவிடுவேன். ஆடி வெள்ளிக்கிழமை, தெருக்கோடி அம்மன் கோயில் ஒலிபெருக்கி காதைப் பிளந்தது. அன்றைக்கு மூச்சைவிடப் பாட்டைத்தான் அதிகம் கேட்டேன். அதுவும் ஒரு நாள் என்று மனைவி சேர்த்துக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் காலண்டரில் அவளே ஒரு புள்ளி வைத்தாள்.

பத்துப் புள்ளி ஆனது. பதினோராம் நாள் காலை, டிபன் பாக்ஸை எடுக்காமல் நேராகத் தறிக்கு வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தாள். நான் மிதியை மிதித்தேன்.

ஒரு முழம் நெய்திருப்போம். மறுபடியும் கரையோரத்தில் அதே மாதிரி இடைவெளி. கத்தல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவளும் நாடாவைப் பிடித்தபடி உட்கார்ந்த இடத்திலேயே உறைந்துவிட்டாள், தோள் இரண்டும் குறுகிப்போய். இத்தனை வருடமாக என் கத்தலுக்கு அவள் அப்படித்தான் குறுகியிருக்கிறாள். அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். ஒரு மூச்சு இழுத்து விட்டேன். குனிந்து பார்த்தேன். என் கால் தப்பான மிதியில் இருந்தது.

அவள் கை சரியாகத்தான் போட்டிருக்கிறது. தப்பு என்னுடையது. அப்படியானால் அன்றைக்குத் தெருவே கேட்கக் கத்தியது? அதற்கு முன் கத்தியதெல்லாம்?

"என் தப்புதான்மா. மிதி மாறிப்போச்சு" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இன்னா சொன்னீங்க? காதுல வியல. இன்னொரு தபா சொல்லுங்க."

சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னாள். அதையும் சொன்னேன். பிறகு இரண்டு பேருமாகச் சிரித்துக்கொண்டே அந்த இடத்தைப் பிரித்து நெய்தோம். சேலை முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது ஒரு வருடம் ஆகிவிட்டது. பெரிய ஞானமோ அமைதியோ எனக்குக் கிடைத்ததாகச் சொல்லமாட்டேன். கத்துவதற்கு முன்னால் ஒரே ஒரு மூச்சு நேரம் கிடைத்திருக்கிறது, என் காலைக் குனிந்து பார்க்க அது போதுமானதாக இருக்கிறது.