கம்ப்ரசருக்குப் பயந்த சண்முகவேலு அண்ணாச்சி

போன் வந்தபோது ஒரு நோயாளியின் கடைவாய்ப் பல்லில் என் கை இருந்தது. சண்முகவேலு அண்ணாச்சியின் மகள் கலா. "மாமா, அப்பா போயிட்டாவ. காப்பி குடிச்சிட்டுத்தான் இருந்தாவ. அப்படியே சாஞ்சிட்டாவ" என்றாள். மாரடைப்பு. நோயாளி வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வாருங்கள் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தென்காசியிலேயே அவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடையாது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறிய சிநேகிதர்கள் உயிரோடு இறங்கி வராததைப் பார்த்தவர். அப்படிப்பட்ட மனிதர் என்னோடு சேர்ந்து விமானம் கட்ட எப்படி வந்தார் என்று கேட்காத ஆளில்லை. குத்துக்கல்வலசையில் என் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தகடுகளை ரிவெட் ஆணி அடித்து இணைத்து, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை முடித்திருந்தோம். பெயிண்ட் அடிப்பதுதான் பாக்கி. "இவ்வளவு பயத்த வச்சுக்கிட்டு ஏன் அண்ணாச்சி வந்தீங்க?" என்று நானே ஒருநாள் கேட்டேன். "நீங்க தனியா பிளேன் கெட்டுதீங்கன்னு தெரிஞ்ச பெறகு எனக்குத் தூக்கம் எப்படி வரும் டாக்டர்?" என்றார்.

ஸ்ப்ரே பெயிண்டுக்குக் கம்ப்ரசர் வேண்டும். என் கிளினிக்கில்தான் ஒன்று இருக்கிறதே, பல் குடைகிற கருவிக்குக் காற்றுக் கொடுப்பது, எண்ணெய் கலக்காத சுத்தமான காற்று, இதைவிட வேறென்ன வேண்டும் என்று அதைத் தூக்கிக்கொண்டு போனேன். பல் டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. ஒரு பழைய தகரத்தில் அடித்துப் பார்த்தோம். ஒரு முழம் போவதற்குள் காற்று இளைத்து, பெயிண்ட் சொட்டுச் சொட்டாகத் துப்பத் தொடங்கியது. அழுத்தம் மட்டும் இருந்தால் போதாது, ஸ்ப்ரே கன் கேட்கிற அளவு காற்று நிற்காமல் வர வேண்டும். "இது பல்லுக்குத்தான் லாயக்கு" என்று அண்ணாச்சி சிரித்தார். கம்ப்ரசர் விஷயத்தில் அவர் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

பெரிய டாங்க் உள்ளதாக ஒன்றை ஆலங்குளம் ரோட்டில் ஒரு டயர் கடையில் பிடித்தேன். பழையது. புதிதாகவே வாங்கலாம் என்று அண்ணாச்சி மன்றாடினார். "பழசு உள்ள எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். கடைக்காரர், "என்ன அண்ணாச்சி இப்பிடிப் பயப்படுதிய! லாரி டயருக்கே காத்து அடிச்சது, பொம்ம பிளேனுக்கு அடிக்காதா?" என்றார். பொம்மை என்றதில் எனக்குச் சுருக்கென்றிருந்தது. ஆனாலும் வாங்கிவிட்டேன்.

கொட்டகைக்குக் கொண்டுவந்த அன்று சாரல் பிடித்திருந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் ஊரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும். அண்ணாச்சி முகம் மட்டும் வாடிப்போகும். ஈரக் காற்றை அழுத்தினால் டாங்குக்குள் தண்ணீர் சேரும். அடியில் இருக்கும் குழாயைத் திறந்து அன்றன்றைக்கு அதை வடித்துவிட வேண்டும். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு, டாங்கின் மேல் கையை ஊன்றி, அழுத்தம் காட்டும் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து வடிகுழாயைத் திருகினார். அசையவில்லை. துருவில் இறுகிக் கிடந்தது. அப்படியானால் எத்தனையோ சாரல் காலத்துத் தண்ணீர் உள்ளேயே கிடந்து தகட்டைத் தின்றிருக்கிறது. நிமிர்ந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"தள்ளி வாங்க டாக்டர்."

"இருங்க அண்ணாச்சி, இப்ப நின்னுரும்."

"தள்ளிப் போம் வே!"

என் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துத் தள்ளிவிட்டு மெயினை அணைத்தார். மரியாதையை விட்டு என்னை அவர் 'வே' போட்டது அந்த ஒரு முறைதான். சட்டைப் பித்தான்கள் தெறித்துவிட்டன. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் வாசலில் நின்றபடியே காற்றுக் குழாயின் முனையைத் திறந்துவிட்டார்.

காற்றெல்லாம் இறங்கிய பிறகு டாங்க் நிறையத் தண்ணீர் ஊற்றி, கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றினார். "தண்ணி வெடிக்காது டாக்டர், காத்துதான் வெடிக்கும்." முன்பு நின்ற இடத்தை முள் கொஞ்சம்தான் தாண்டியிருக்கும். சத்தமே இல்லை. டாங்கின் அடியில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறி, தண்ணீர் வழிந்து என் செருப்பை நனைத்தது. நான் கையை ஊன்றி நின்றிருந்த பக்கம்தான் அது. அன்று வீட்டில் என் மனைவியிடம் சொல்லவே பயமாக இருந்தது.

பிறகு புதிதாகவே வாங்கினோம். தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியை அண்ணாச்சியே பூட்டினார். அத்தோடு அவர் பயம் தீர்ந்ததா? எங்கே! நாங்கள் அடித்தது, இறுகிக் காய்வதற்காக ஹார்ட்னர் என்ற ரசாயனம் கலந்த பெயிண்ட். அந்தப் புகை மூச்சில் ஏறினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். என் முகமூடிக்கு, கம்ப்ரசரோடு சேராமல், வெளியே வைத்த ஒரு சின்ன ஊதியிலிருந்து தனிக் குழாயில் நல்ல காற்று வந்தது. அது நின்றுபோனால்? அதற்காக ஓர் ஏற்பாடு செய்தார். நான் உள்ளே அடிப்பேன். அவர் வெளியே ஜன்னலோரம் கம்ப்ரசர் ஸ்விட்சில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். ஸ்ப்ரே கன்னால் ஒவ்வொரு வீச்சு அடித்து முடித்ததும் நான் இடது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். தூக்காவிட்டால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கம்ப்ரசரை அணைத்துவிடுவார். வால்பகுதி அடிக்கும்போது மறந்துவிட்டேன். படாரென்று அணைத்துவிட்டு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்துவிட்டார். அடித்த பெயிண்ட் அத்தனையும் பாழ். "இப்படிப் பயந்தா எப்படி அண்ணாச்சி வேலை பாக்கது?" என்று எரிந்து விழுந்தேன். "ரெண்டு பேரும் பயப்பட வேண்டாம் டாக்டர். பயத்த எங்கிட்ட விட்டுருங்க. நீங்க பெயிண்ட அடிங்க" என்றார். விட்டுவிட்டேன். அதன் பிறகு என் கை ஒருநாளும் நடுங்கியதில்லை.

அவர் போனபோது இடது இறக்கை மட்டும் மிச்சம். காரியமெல்லாம் முடிந்த பிறகு, "நான் வந்து உக்காருதேன் மாமா, எப்படிப் பாத்துக்கிடணும்னு அப்பா எனக்குச் சொல்லிருக்காவ" என்று கலா வந்தாள். போன ஞாயிறு உள்ளே போனேன். முகமூடி மாட்டி, கன்னைக் கையில் எடுத்தேன். கம்ப்ரசர் ஓடுகிற ஓசை, வடிகட்டியில் தண்ணீர் சொட்டுவது, குழாயில் வருகிற காற்று, என் மூச்சு எல்லாம் ஒன்றாகக் காதில் விழுந்தன. அவர் என்னிடம் விட்டுப்போனது அவருடைய பயம்தான். வேறொன்றும் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்ளவில்லை. கன்னின் விசையை அழுத்தாமலேயே வெளியே வந்தேன்.

கலா ஸ்விட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "என்ன மாமா, கைய தூக்கவே இல்லையே?"

"பயமா இருக்கும்மா" என்றேன்.