ஆறு கித்தாரும் ஒரு கொடியேற்றமும்

கித்தார் விற்பது மீன் விற்பது மாதிரி இல்லை. மீன் வாங்கிப் போனவன் மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது பாட மாட்டேங்குது" என்று சண்டைக்கு நிற்க மாட்டான்.

காலையிலிருந்து பொழுது சாயும்வரை கடையில் நின்று கால் கடுத்துப்போன என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் ஜவுளி விற்றிருக்கலாம், பாத்திரம் விற்றிருக்கலாம். சும்மா பார்க்க வந்தவளுக்கு நாற்பது சேலை விரித்துக் காட்டிவிட்டு, அத்தனையையும் தனியாக உட்கார்ந்து மடித்திருப்பீர்கள். என் பாடும் அதே பாடுதான். என்ன, என் சரக்குக்குச் சத்தமும் உண்டு.

குடை தொங்கும்

கொழும்பில் ஒரு வாத்தியக் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். உலக யுத்தம் அங்கே நெருங்கியதும் ஊருக்கு ஓடிவந்து, தூத்துக்குடியில் சுயம்புலிங்கம் அண்ணாச்சி கடையில் சேர்ந்தேன். கடையில் பாதி டிரங்குப் பெட்டி, குடை, சுவர்க்கடிகாரம். மீதிப் பாதி ஆர்மோனியம், பிடில். சண்டை முடிந்து கொழும்புத் தோணிகள் பழையபடி வந்துபோக ஆரம்பித்ததும், நான் அண்ணாச்சியை நச்சரிக்கத் தொடங்கினேன். கித்தார் வாங்கிப் போடுங்கள், கடற்கரைப் பக்கம் கலியாணத்துக்குக் கலியாணம் கேட்கிறார்கள், அதிலும் நடு விலைச் சரக்காக வாங்குங்கள் என்று. மலிவுக் கித்தார் ஓர் ஐப்பசி மழை தாண்டினால் கழுத்து வளைந்துவிடும். விலை கூடினது துரைமார் பங்களாவுக்குப் போகும். நடு விலை என்றால், வாங்கினவன் வீட்டுக் குழம்பில் ஒரு மாசம் மீன் குறையும், அவ்வளவுதான்.

சித்திரையில் ஆறு வந்து இறங்கின. ஆறும் ஒரே விலை, ஆறும் ஆறு குணம். ஒன்று வயிறு பெருத்தது, ஒன்று ஒல்லிக் கழுத்து, ஒன்று மினுக்கு. ஐந்தில் இரும்புக் கம்பி. ஆறாவதில் மட்டும் ஆட்டுக் குடலில் திரித்த நரம்பு கட்டியிருந்தது. அகலக் கழுத்து, அடங்கின குரல். இரண்டு மாசம் ஒருத்தரும் ஒன்றையும் தொடவில்லை. அண்ணாச்சி தினமும் சுவரைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். என் வீட்டுக்காரி ரீத்தாவுக்கு அப்போது ஏழாம் மாசம். அது தெரிந்தும் ஒரு நாள் காலையில் சொல்லியேவிட்டார்: "ஏலே அந்தோணி, மாதா கோயில் கொடியேத்தத்துக்குள்ள ஆறும் போயிரணும். போகலைன்னா திருவிழாக் கூட்டத்துக்கு அந்தச் சுவத்துல குடை தொங்கும். நீ நம்ம ஏரல் கடைக்குப் போயிரு, அங்கன நின்னு குடை வித்துக்கிட்டு இரு."

பாலிஷ்

முதலில் வந்தவர் வாங்க வந்தவராகவே தெரியவில்லை. சூசை என்று பெயர், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். குளிப்பு இல்லாத மாசம் என்பதால் ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே கடைக்கு வந்துவிடுவார். நான் வாங்க என்று சொன்னாலும் பதில் கிடையாது, என்ன வேண்டும் என்றாலும் பதில் கிடையாது. சரியான திமிர் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வயிறு பெருத்த கித்தாரை அவரே ஆணியிலிருந்து எடுத்தார். மடியில் வைத்தார். பிறகு குனிந்து, தாடையை அதன் விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டு ஒரு கம்பியைச் சுண்டினார். கன்னத்து வேர்வை முழுக்க என் புதுச் சரக்கில்! எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. பாலிஷ் போயிரும், முகத்தை எடுங்க என்று கத்திக்கொண்டே வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். மனுஷன் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் வந்தார். ஆனால் எதையும் தொடவில்லை, ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவார். ஒரு தடவை மட்டும், எழுந்து போகும்போது, நான் கேட்காமலே அவராகச் சொன்னார்: "பாத்துக்கிட்டேதான் இருக்கேன் தம்பி."

சிப்பி நல்ல சிப்பி

முத்துத் தரகர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. மினுக்குக் கித்தாரைக் கேட்டு வாங்கி, ஓட்டையைச் சுற்றிப் பதித்திருந்த சிப்பியைக் கண்ணாடி வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் திருப்பினார், நிழலில் திருப்பினார், எச்சில் தொட்டுத் தேய்த்தார். அரை மணி நேரம். நானும் விடாமல், கம்பி எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாருங்கள், கழுத்து நேராக இருக்கிறதா பாருங்கள், ஒரு தடவையாவது மீட்டிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கடைசியில் கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுவிட்டுக் கட்டித் தரச் சொன்னார். சுருதியாவது சேர்த்துத் தருகிறேனே என்றேன். அவர் சொன்னது இது: "எதுக்கு? சிப்பி நல்ல சிப்பி. மாப்பிள்ளைக்குச் சீரா போகுது, அவனுக்குப் பாடவும் வராது."

தண்ணி ஏறுமா

புன்னைக்காயல்காரர் ஒருத்தர், கொழும்புத் தோணியில் தண்டல். தோணியை நடத்துகிற ஆளல்லவா, கடைக்குள் வந்ததும் எல்லாரும் அவருக்கு வேலையாட்கள்தான். இருப்பதிலேயே சின்ன உடம்புக் கித்தாரை இறக்கச் சொன்னார், பெரியது தோணியில் அவர் படுக்கிற இடத்தில் நுழையாதாம். அதைக் கவிழ்த்துப் பிடித்து, மேல் பலகையும் பக்கப் பலகையும் சேர்கிற இடத்தில் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். தோணிப் பலகை இடுக்கில் தண்ணீர் புகாமல் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிப்பார்களே, அதைப் பரிசோதிக்கிற மாதிரியே. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நல்லவேளை அடக்கினேன். அடிப்பக்கம் ஓர் இடத்தில் கை நின்றது. மறுபடி தட்டினார். அங்கே மட்டும் சத்தம் செத்துப்போயிருந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தால் பசை விட்டு, நகம் நுழைகிற அளவு பிளந்திருந்தது. எட்டு வருஷ அனுபவஸ்தன் நான் இரண்டு மாசமாக அதைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டி, இரண்டு நாள் இறுக்கிக் கட்டிவைத்துக் கொடுத்தேன். வாங்க வந்த அன்றும் ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாட்டைப் பிறகு பாத்துக்கிடலாம் தம்பி. முதல்ல தண்ணி ஏறுமா, அதைச் சொல்லுங்க."

வாசிக்கிறது யார்

மில் கிளார்க் ஒருவர் மனைவியோடு வந்தார். மனுஷனுக்கு வாய் ஓயவில்லை. பெரிய வயிறுதான் வேண்டும், அதில்தான் கம்பீரம் என்றார். பெரிய உடம்பை மடியில் வைத்தால் வலது தோள் தூக்கிக்கொள்ளும், உங்களுக்குக் கை நீளமா என்று கேட்டேன். நீட்டிக் காட்டினார். கழுத்து அகலமாக இருந்தால் கட்டைவிரல் சுற்றாது, உங்கள் விரலைப் பார்க்கலாமா என்றேன். அதையும் காட்டினார். அவர் கையை அளந்து, அவர் தோளை அளந்து, அவருக்குப் பொருத்தமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. எதையாவது வாசித்துக் காட்டுங்களேன் என்று நீட்டினேன். அவர் முகத்தில் ஒரு திகைப்பு. "எனக்கு எங்க வரும்? ஏளா, இங்கன வா, வாசி" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அந்த அம்மாள் அதுவரை சுவரோரமாக நின்று, ஒல்லிக் கழுத்துக் கித்தாரின் மெட்டுக்களில் சத்தமில்லாமல் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னக் கை. எல்லா மெட்டும் அதற்கு எட்டியது. அதையே எடுத்து, நின்றபடியே நாலு வரி வாசித்தாள். கடை வாசலில் போன ரெண்டு பேர் நின்றுவிட்டார்கள். பிறகு புருஷனிடமிருந்த பெரியதை வாங்கி என்னிடம் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "இவ்வளவு நேரம் பிடிச்சிக்கிட்டு நிக்கீங்களே, கை வலிக்கலையா?"

எனக்கே கேக்கலை

அடுத்து இரண்டு பேர் வந்தார்கள். கேள்வி கேட்காமல், பேரம் பேசாமல் ஆளுக்கு ஒன்று வாங்கிப் போனார்கள். நல்ல மனிதர்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மிச்சம் நரம்புக் கித்தார் ஒன்று. கொடியேற்றத்துக்கு நாலு நாள். வந்தவன் எல்லாம் ஒரு தடவை மீட்டிவிட்டு, சத்தம் பத்தாது என்று திருப்பிக் கொடுத்தான். வீட்டில் ரீத்தா எட்டு மாச வயிற்றோடு, ஏரலுக்கு எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று என்னிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்போதுதான் ஒரு வாலிபன் ஓடிவந்தான். மறுநாள் கலியாண வீட்டில் வாசிக்கவேண்டும், அவன் கித்தார் உடைந்துவிட்டது. நரம்புக் கித்தாரை மீட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பொய் சொன்னேன். கடைக்குள் இப்படித்தான் இருக்கும், பந்தல் பெரிசாக ஆக இதன் சத்தம் விரியும் என்று வாய் கூசாமல் சொன்னேன். நம்பி வாங்கிப் போனான். அண்ணாச்சி எனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தார். அந்தக் காப்பியை அப்படியே ஆற விட்டேன்.

கொடியேற்றத்தன்று காலை கடை திறந்ததும் அவன் நின்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கித்தாரை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, பொண்ணு காதுல மாப்பிள்ளை என்ன சொன்னான்னு பந்தல்ல எல்லாருக்கும் கேட்டுச்சு. நான் வாசிச்சது எனக்கே கேக்கலை."

கேக்குது

பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினேன். கல்லாவிலிருந்த அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். குடைக் கட்டை மட்டும் அவிழ்த்து வைக்கச் சொன்னார். ஊரே கோயிலில் இருந்தது. கடையில் ஈ காக்கா இல்லை. அந்த நேரம் பார்த்துச் சூசை உள்ளே வந்தார். டிரங்குப் பெட்டியில் உட்காரவில்லை. மேசையில் கிடந்த நரம்புக் கித்தாரைக் காட்டி, எடுக்கலாமா என்று கையாலேயே கேட்டார். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இனி பாலிஷ் இருந்தால் என்ன, போனால் என்ன?

அவர் மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போதே கோயில் பக்கம் வேட்டுப் போட்டார்கள். கொடி ஏறிவிட்டது. அலமாரிக் கண்ணாடி எல்லாம் அதிர்ந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணாச்சி கைக் காப்பி வேட்டியில் கொட்டியது. சூசை மட்டும் தலையைத் தூக்கவே இல்லை, நரம்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம்தான் என் மண்டையில் உறைத்தது. சங்கு குளிக்கிறவர்களுக்குக் காது போகும் என்பது இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இத்தனை ஞாயிறு எதிரே உட்கார்ந்திருந்த மனுஷனைத் திமிர் பிடித்தவர் என்று நினைத்த மடையன் நான் ஒருவன்தான். அவர் தாடையை வைத்தது தாடையெலும்பு வழியாகக் கேட்க. அதைத்தான் நான் பிடுங்கினேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் முன்னால் போய் நின்று, என் தாடையைத் தொட்டுக் காட்டி, வைங்க அண்ணே என்று சைகை செய்தேன். சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு குனிந்து, விளிம்பில் தாடையை அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு மீட்டினார். தண்ணீரில் ஊறி ஊறி மெதுத்துப்போன விரல்கள் அவை, இரும்புக் கம்பி என்றால் அறுத்திருக்கும். நரம்பில் சுகமாக ஓடின. கலியாண வீட்டில் ஆடுகிற பாட்டு ஒன்றை ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது தடவை முழுதாக வாசித்தார். கண்ணைத் திறந்தபோது அவருக்கும் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "அந்த இரும்புக் கம்பியில பல்லு கூசுச்சு, அவ்வளவுதான். ஆறு வருஷம் ஆச்சு தம்பி, நான் வாசிக்கது எனக்குக் கேட்டு. இது கேக்குது!"

வேட்டு

சூசை பணத்தை எண்ணி வைத்துவிட்டு, கித்தாரைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார். சுவர் காலியாகிவிட்டது. ஆனால் பேச்சு கொடியேற்றத்துக்குள் என்பது. வேட்டுப் போட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. காலையில்தான் ஒரு பொய்க்குக் கூலி வாங்கியிருந்தேன், இன்னொன்றுக்குத் தெம்பில்லை. அண்ணாச்சி முன்னால் போய், கொடி ஏறின பிறகுதான் விற்றது, நாளைக்கே ஏரலுக்குப் புறப்படுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் வேட்டியில் கொட்டின காப்பியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து, காலிச் சுவரைப் பார்த்து, அவிழ்த்து வைத்த குடைக் கட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல் சொன்னார்: "ஏலே, கொடி ஏறியாச்சா என்ன? எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே. கொழும்புக்கு எழுது, இன்னொரு ஆறு வரட்டும்."

அதற்குப் பிறகு எத்தனையோ கித்தார் விற்றுவிட்டேன். பாலிஷைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறந்ததில்லை.