கடைசிப் பதினொரு பக்கங்கள்

ஒஸ்லோவில் ஒரு இசைக்குழுவின் நூலகத்தில் எனக்கு வேலை. பழைய கையெழுத்துப் பிரதிகளைக் கணினியில் ஏற்றி, வயலினுக்கு, புல்லாங்குழலுக்கு, ஹோர்ன் எனும் பித்தளை ஊதுகொம்புக்கு என்று ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனித் தாள் தயாரித்துக் கொடுக்க வேண்டும். ஊரில், தீவுப்பகுதியில், எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடற்குழுவில் படித்த மேற்கத்தியச் சுரக்குறிப்பு இந்த நாட்டில் எனக்குச் சோறு போடுமென்று வீட்டில் யாரும் நினைத்திருக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் எங்கள் இசைக்குழுவை வழிநடத்த வந்த நடத்துனர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிம்பொனி ஒன்றைக் கொண்டுவந்தார். எழுதியவர் ஒரு பெண். அவர் உயிரோடிருந்தபோது ஒரு தரம்கூட அதை யாரும் வாசிக்கவில்லை. முதன்முதலாக நாங்கள் ஒலிப்பதிவு செய்யப் போகிறோம் என்றார். மூலப்பிரதி ஒஸ்லோவுக்குப் பக்கத்து லில்லெஸ்ட்ரோமில், எழுதியவரின் குடும்பத்தில் வந்த ஒரு பெண்ணிடம் இருந்தது. எனக்குக் கிடைத்தவை புகைப்படங்கள் மட்டும்.

இருநூறு பக்கம்வரை ஒரு சந்தேகமும் வரவில்லை. பிறகு ஒரு சின்னக் குறி கண்ணில் பட்டது. வாத்தியக்காரர் ஒரு தட்டுக்குச் சும்மா இருக்க வேண்டும் என்பதைக் காட்டும் குறி அது. சிம்பொனியை எழுதியவர் அதைப் பழைய முறைப்படி, ஏழாம் இலக்கத்தைத் திருப்பிப் போட்டதுபோல எழுதியிருந்தார். கடைசிப் பதினொரு பக்கங்களில் மட்டும் அது இன்று எல்லோரும் எழுதுகிற நெளிகோடாக இருந்தது. மற்ற எல்லாம் அதே கையெழுத்து.

மூலத்தைப் பார்க்கலாமா என்று நடத்துனரிடம் கேட்டேன். தாள் பழுதாகிவிட்டது, தொடக்கூடாது என்றார். அடுத்த கிழமை கேட்டபோது, வைத்திருப்பவருக்குச் சுகமில்லை என்றார். மூன்றாம் தரம் கேட்டபோது, உனக்குத் தாள் தயாரிக்கிற வேலைதானே என்று சிரித்தார். முடிவை எழுதியது இவரேதான் என்று அந்தச் சிரிப்பிலேயே தீர்மானித்துவிட்டேன். அவர் முன்பு பென்சிலால் குறித்து வைத்த பிரதிகளைத் தேடி எடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். அவர் நூலகத்துக்குள் வந்தால் திரையை அணைத்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"அகதி விசாரணையில உங்கட பிறப்புப் பத்திரத்தை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்தவங்கள் எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பியள்? இப்ப நீங்களும் அதைத்தானே செய்யிறியள்," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு அந்த அதிகாரியின் சந்தேகம் பிழை, என்னுடையது சரி என்று வாதாடினேன்.

"அப்ப நேர போய் மூலத்தை வைச்சிருக்கிற அந்த மனிசியைக் கேளுங்கோவன்."

நூலகக் கோப்பில் அவருடைய தொலைபேசி இலக்கம் இருந்தது; எடுத்துக் கேட்டதும் வரச் சொன்னார். நடத்துனருக்குச் சொல்லாமல், சனிக்கிழமை ரயிலேறினேன். சுகமில்லாதவர் வாசலில் நின்று பனி அள்ளிக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியவர், பல் வைத்தியசாலையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்பி ஊற்றி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். கடைசிப் பதினொரு பக்கங்களின் தாள் மெல்லியது, மற்றவற்றைவிட வெள்ளை.

இவற்றை யார் எழுதியது என்று கேட்டேன். தாள்களின் ஓரத்தைச் சீராக்கி வைத்தார்.

"நான்தான்."

இளவயதில் இரண்டு வருடம் இசை படித்து இடையில் விட்டவராம். நிலவறைக்குள் தண்ணீர் வந்து கடைசித் தாள்கள் பூஞ்சணம் பிடித்து ஒட்டிவிட்டன. ஒவ்வொன்றாகப் பிரித்து, அதே எழுத்தில் பார்த்து எழுதிவிட்டு, பழுதானவற்றை அடுப்பில் போட்டாராம்.

"வாசிக்க முடியாத இடங்களை என்ன செய்தீர்கள்?"

"அப்படி அதிகம் இருக்கவில்லை," என்று கோப்பையைத் திருப்பி வைத்தார்.

திங்கட்கிழமை நடத்துனரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு எல்லாம் முதலே தெரியும். வெளியில் தெரிந்தால் ஒலிப்பதிவைக் கைவிட்டுவிடுவார்கள், மிச்ச இருநூறு பக்கத்தையும் இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று பயந்திருக்கிறார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் இசை இறுவட்டோடு வரும் கையேட்டில் உண்மையைப் போடாவிட்டால் தாள்களைத் தரமாட்டேன் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கையேட்டுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினார்: கடைசிப் பக்கங்கள் குடும்பத்தவர் ஒருவர் எழுதிய பிரதியிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒத்துக்கொண்டேன். அவருடைய கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்ததை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை.

ஒலிப்பதிவு நாளன்று அந்தப் பெண் வந்து, மேலங்கியைக் கழற்றாமல் பின்வரிசையில் இருந்தார். கடைசிப் பக்கங்களில் ஹோர்ன்கள் தாழ்வாகத் தொடங்கி மெல்ல ஏறி வந்தபோது, சும்மா இருந்த வாத்தியக்காரர்கள்கூடத் தலை நிமிர்த்திக் கேட்டார்கள். அந்தச் சிம்பொனியிலேயே மிக நல்ல இடம் அதுதான். எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. நான் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் முகம் சுளித்தது.

இடைவேளையில் என்னிடம் வந்து, அந்த இடத்தில் ஹோர்ன் அரைச் சுரம் மேலே போக வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். நான் பிரதியை விரித்துக் காட்டினேன். அவர் எழுதியபடியேதான் வாசித்திருந்தார்கள்.

"அப்படியானால் நான் எழுதியது பிழை," என்றார்.

பார்த்து எழுதியதில் பிழையா, தானே புனைந்து எழுதியதில் பிழையா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நடத்துனரைப் பார்த்தேன். அவர் சரியென்று தலையசைத்தார். நான்கு ஹோர்ன்காரர்களின் தாள்களிலும் பென்சிலால் திருத்திக் கொடுத்தேன். திரும்ப வாசித்தார்கள். அந்தப் பெண் சொன்னது சரியாகத்தான் இருந்தது.