நேர்க்கோட்டில் நின்ற தவளை

நெடுங்காட்டுப் பக்கம் நான் அறிவியல் நடத்தும் நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்புச் சுவரில் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, நடுவே அம்புக்குறிகள். இன்றும் அதைக் காட்டித்தான் பாடம் நடத்துகிறேன். பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அங்கே பிள்ளைகள் வரைந்த தாள் ஒட்டியிருந்தது. மூன்று வாரம் பள்ளிக்குப் பின்னாலுள்ள வயலுக்கு அழைத்துப்போய், எது எதை நம்பி இருக்கிறது என்று பார்த்துக் குறிக்கச் சொல்லியிருந்தேன். கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. பூச்சிமருந்து இருந்தது, அறுப்பு முடிந்து மேய வரும் வாத்துக்கூட்டம் இருந்தது, வாய்க்கால் மதகுகூட இருந்தது. மதகைச் சேர்த்தவள் ஒரு குத்தகை விவசாயியின் மகள். தண்ணீர் வராமல் தவளை எங்கிருந்து வரும் என்று கேட்டு என் வாயை அடைத்தவள். அறிவியல் கண்காட்சிக்கு அவளைத்தான் அனுப்புவதாக இருந்தேன்.

ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றதும் தலைமை ஆசிரியருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். "ஒரே கிறுக்கலா இருக்கு, எடுத்துடுங்க" என்றார். தாள் குப்பைக்கூடைக்குப் போனது. காரைக்காலிலிருந்து ஃப்ளெக்ஸ் வந்தது.

அதிகாரி அதைக் காட்டி, தவளையே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று மதகைச் சேர்த்த அந்தப் பெண்ணை எழுப்பிக் கேட்டார். வெட்டுக்கிளி பெருகும், பாம்பு குறையும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் சற்று யோசித்தாள்.

"உடனே சொல்ல முடியாதுங்க சார். வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா, மருந்து அடிச்சாங்களா, கொக்கு வந்துச்சா, எல்லாத்தையும் பாக்கணும். ஒண்ணு மாறுனா மத்ததும் மாறிடும்."

அதிகாரி சிரித்தார். தலைமை ஆசிரியர் அவளை உட்காரச் சொன்னார். கண்காட்சிக்கு வேறு பிள்ளையின் பெயர் போனது. என்ன அநியாயம்! மூன்று வாரம் நான் படாதபாடுபட்டுச் சொல்லிக்கொடுத்ததை மூன்றே வரியில் சொன்ன பிள்ளை அவள். அதுதான் சரியான விடை என்று எடுத்துச் சொல்ல வேண்டியவள் நான். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு யாரைத் திட்டி என்ன?

இடைவேளையில் என்னிடம் வந்தாள். "நான் சொன்னது தப்பா டீச்சர்?"

"தப்பில்லம்மா. ஆனா இனிமே படத்துல உள்ளத மட்டும் சொல்லிடு."

தலையாட்டினாள். ஆண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்தது. வெட்டுக்கிளி பெருகும், பாம்பு குறையும் என்று ஒரே வரியில் எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.