கொடுவாதான் பாபு

எங்கள் சுரமா கேபினுக்கு மீன் ஃப்ரை தின்ன வருகிறவர்கள் சமையல்காரனிடம் எதுவும் கேட்பதில்லை. அந்த வகையில் நான் கொடுத்துவைத்தவன். முப்பது வருஷமாக அடுப்படியில் நிற்கிறேன். மீன் துண்டை முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் போடுவது என் கை. அது என்ன மீன் என்று வெளியே சொல்ல வேண்டியது ஹாராதன் அண்ணனின் வாய்.

ஹாராதன் மைதி எங்கள் கடையில் பரிமாறுகிறவர். தமலுக் பக்கத்துக்காரர். இருபத்திரண்டு வயதில் பட்டணத்துக்கு, இந்த ஹாத்திபாகான் பேட்டைக்கு வந்தார், இப்போது ஐம்பத்தெட்டு. கடையில் ஆறு மரத்தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் பச்சைத் திரை. அந்தத் திரைக்குப் பின்னால் காதலித்தவர்கள் இப்போது பேரப்பிள்ளைகளோடு வருகிறார்கள். உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி.

"கொடுவாதானே, ஹாராதன்?"

"கொடுவாதான் பாபு."

பெரிய பாபு உயிரோடு இருந்தவரை இதில் ஒரு சிக்கலும் இல்லை. பிரமதநாத் ஷீல், கடை முதலாளி. விடிகிற நேரத்தில் மாணிக்தலா சந்தைக்கு அவரே போவார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார், பிடிக்காவிட்டால் வெறும் பையோடு திரும்பி வருவார். அன்றைக்கு வாசலில் ஒரு சிலேட்டு தொங்கும்: இன்று ஃப்ரை இல்லை. எழுதுவது ஹாராதன் அண்ணன்தான், கையெழுத்து அவ்வளவு அழகு. வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போவார்கள், மறுநாள் திரும்பி வருவார்கள். கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது என் ஃப்ரை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிலேட்டுதான் என்று பிறகுதான் புரிந்தது.

அவருக்குப் பிறகு மகன் தீபங்கர். சின்ன பாபுவைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கொடுவா விலை எங்கேயோ போய்விட்டது. வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒரு நாள் ஃப்ரை இல்லை என்றால் செல்போனில் கடைக்கு நட்சத்திரம் குறைகிறதாம். ஒரு காலையில் கொடுவாவுக்குப் பதில், ஐஸ் பெட்டியில் வெள்ளை வெளேரென்று மலிவான பாசா மீன் வந்து இறங்கியது. முள்ளும் இல்லை, மணமும் இல்லை, ஈரப்பஞ்சைக் கடித்த மாதிரி இருக்கும். "ஒரு வாரத்துக்கு மட்டும் சமாளிங்க," என்றார். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. சிலேட்டில் இப்போது வைஃபை பாஸ்வேர்டு எழுதியிருக்கிறது.

மீன் மாறியது, கேள்வி மாறவில்லை, பதிலும் மாறவில்லை. ஹாராதன் அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் மாறியது. முன்பெல்லாம் கேட்டவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்வார். பாசா வந்த நாளிலிருந்து மேஜை மேலிருக்கும் உப்பு ஜாடியைப் பார்த்துச் சொல்வார். வேறு யாரும் இதைக் கவனிக்கவில்லை. அடுப்படி ஜன்னலிலிருந்து நான் தினமும் பார்த்தேன்.

"விட்டுட்டுப் போயிடலாமே அண்ணே," என்று ஒரு தடவை சொன்னேன்.

"போகாமலா இருந்தேன்? ரெண்டு கடையில கேட்டாச்சு. சுரமா கேபின் மெனு அட்டையில உங்க மூஞ்சி இருக்கு, உங்கள எப்படி வெச்சுக்கிறதுன்னு சிரிக்கிறானுங்க. அங்கயும் பாசாதான்டா, அது வேற."

அட்டையில் அவர் படம் இருப்பது உண்மைதான். 'ஹாராதன் அண்ணாவின் உறுதி' என்று கீழே அச்சிட்டிருக்கிறார் சின்ன பாபு. சாகும்போது பெரிய பாபு மகன் கையைப் பிடித்துக்கொண்டு, கடை இருக்கிறவரை ஹாராதனுக்கு இங்கே இடம் உண்டு என்று வாக்கு வாங்கியிருந்தார். அந்த வாக்குப்படி அடுப்படிக்கு மேலே இருக்கும் பரண் அவருடையது. நல்ல மனதோடு கொடுத்த பரண்தான். ஆனால் அதிலிருந்து இறங்கினால் இந்தப் பட்டணத்தில் போவதற்கு வேறு இடம் இல்லை.

போன மாசியில் அவர் மகள் பர்ணாவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஸ்ரீபதி பர்மன், கோலாகாட் சந்தையில் மீன் வியாபாரி. பெண் பார்த்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கையில் கடையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நம்ம ஆளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கொடுவா சரியில்லை என்றால் சிலேட்டை மாட்டி அன்றைக்கு வியாபாரத்தையே நிறுத்திவிடுகிற கடை என்று, ஏதோ நேற்றுகூட மாட்டிய மாதிரி அளந்திருக்கிறார்.

"அவர் என்ன சொன்னாரு தெரியுமா பலாய்?" என்று பரணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "கட்டில் வேணாம், பீரோ வேணாம். எங்க ஆளுங்க நாப்பது பேருக்கு உங்க கடை ஃப்ரை போட்டா போதும், சம்பந்தின்னுட்டாரு."

"மீன்காரன் கண்ண மூடிக்கிட்டுக் கடிச்சாலும் கண்டுபிடிச்சுருவானே!"

"அதத்தான்டா சொல்றேன்."

இதுபோதாதென்று சின்ன பாபு கீழே வந்து, "ஹாராதன் அண்ணா, இருநூறு ஃப்ரை கடைக் கணக்கில என் பரிசு. நானே நேர்ல வர்றேன்," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்ல வேண்டுமென்றால் ஏன் வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். அவர் கும்பிட்டார்.

மாப்பிள்ளையோடு வருகிறவர்களுக்கு எங்கள் பக்கம் ஒரே வேலைதான், பெண் வீட்டுச் சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடிப்பது. இனிப்பில் சர்க்கரை ஒரு பிடி கூடினால் பத்து வருஷம் சொல்லிக் காட்டுவார்கள். பாசாவைக் கொடுவா என்று போட்டது தெரிந்தால் அந்தப் பெண் காலம் முழுக்கப் பொய்யன் மகளாகத்தான் அந்த வீட்டில் வளைய வர வேண்டும். ஹாராதன் அண்ணன் சோறு இறங்காமல் திரிந்தார். நான்தான் வழி சொன்னேன்.

"அம்பது துண்டு மட்டும் நெசக் கொடுவா போடுவோம். மாப்பிள்ளை வீட்டுப் பந்திக்கு அது. மத்தவங்களுக்குப் பெட்டியில வர்றது. பொரிக்கிறது நான், பரிமாறுறது நீங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

கல்யாணத்தன்று காலை இருவரும் மாணிக்தலா போனோம். ஒன்பது வருஷம் கழித்துச் செவுளைத் தூக்கிப் பார்க்கையில் அவர் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. நான் அறுத்தபோது கத்தி தானாகவே முதுகெலும்பை ஒட்டிப் போயிற்று. இத்தனை நாள் என்ன வேலை பார்த்தோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் துண்டுகளைப் போட்ட டப்பாவில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்தேன்.

சாயங்காலம் தமலுக்கில் அவர் வீட்டுப் பந்தலில் முதல் பந்தி உட்கார்ந்தது. நாற்பது பேர், நடுவே ஸ்ரீபதி பர்மன். முதலாளி என்ற மரியாதைக்கு சின்ன பாபுவையும் அந்தப் பந்தியிலேயே உட்கார வைத்திருந்தார்கள். சிவப்பு நூல் டப்பாவைப் பிரித்துப் பொரித்தேன். ஹாராதன் அண்ணன் ஒவ்வொரு இலையாகப் போட்டுக்கொண்டே வந்தார். ஸ்ரீபதி பிட்டார், வாயில் போட்டார், மென்றார். எண்ணெய்ச் சத்தத்தைத் தவிர எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"கொடுவா," என்று தலையை ஆட்டினார். "நல்ல கொடுவா."

சின்ன பாபு இரண்டாவது துண்டைக் கடித்துக்கொண்டே எழுந்து நிற்காத குறையாகச் சொன்னார்: "பாத்தீங்களா! தரம் போச்சு தரம் போச்சுன்னு ஊரெல்லாம் பேசுறானுங்க. எங்க கடை ருசி எங்கங்க மாறிச்சு?"

கரண்டியை அவர் மேல் வீசலாமா என்றிருந்தது. அடுத்த பந்தியில் பெண் வீட்டார் உட்கார்ந்தார்கள். ஹாராதன் அண்ணனின் அக்கா, பங்காளிகள், அக்கம்பக்கம். அவர்களுக்குப் பாசா. அக்கா பல்லில்லாத வாயால் தின்றுவிட்டு, "என் தம்பி கடைப் பண்டம்!" என்று பக்கத்து இலைக்காரியிடம் பெருமைப்பட்டாள்.

பெண் வீட்டுப் பந்தியையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஸ்ரீபதி கை கழுவ அடிபம்பு பக்கம் வந்தார். வாணலி கழுவ நானும் அங்கே நின்றேன். ஹாராதன் அண்ணன் பம்பை அடிக்க, ஸ்ரீபதி கையை நீட்டியபடி, குரலை உயர்த்தாமல் பேசினார்.

"சம்பந்தி, நான் உங்க கடைக்கு வந்திருக்கேன். போன கார்த்திகையில. பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடி."

பம்பு நின்றது.

"மூணாம் தடுப்புல உக்காந்தேன். கொடுவாவான்னு கேட்டேன். கொடுவாதான் பாபுன்னீங்க. நான் நாப்பது வருஷமா மீன் விக்கிறவன்."

"நீங்க... நான் உங்களப் பாக்கலயே," என்றார் அண்ணன்.

"எங்க பாத்தீங்க? உப்பு ஜாடியத்தான் பாத்தீங்க. அதப் பாத்துத்தான் இந்த வீட்டுல பொண்ணு எடுக்கலாம்னு முடிவு பண்ணினேன். பொய் சொல்லும்போது மூஞ்சியப் பாக்க முடியாத மனுஷன் வளத்த பொண்ணு நல்லாத்தான் இருக்கும். நானும் வாடின செவுளுக்குச் சாயம் பூசினவன்தான், பயப்படாதீங்க." கையை உதறித் துண்டில் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு எனக்கு நல்ல மீன் போட்டீங்க, சந்தோஷம். உங்க அக்கா இலையில கிடந்தது என்ன மீன்னு மட்டும் நான் கேக்கல."

அவர் போன பிறகு, கழுவ ஆளே இல்லாமல், ஹாராதன் அண்ணன் பம்பை அடித்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். உள்ளே சங்கு ஊதினார்கள், பெண்ணைக் கூப்பிட்டார்கள், அப்பாவைக் காணோம் என்று தேடினார்கள். நான்தான் தோளைத் தொட்டு அனுப்பி வைத்தேன்.

இதற்குப் பிறகு அவர் கடைக்கு வர மாட்டார் என்றே நினைத்தேன். வந்தாலும் ஒரு நாள் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவார் என்று நினைத்தேன். என் வயதில் இப்படியெல்லாம் நினைக்கக் கூடாதுதான். பெண் புகுந்த வீடு போன மூன்றாம் நாள், தகரப் பெட்டியோடு பரணில் ஏறினார். சட்டையை மாற்றிக்கொண்டு இறங்கி வந்தார்.

முதல் ஆள் இரண்டாம் தடுப்பில் உட்கார்ந்தார். கண்ணாடி போட்ட பெரியவர், கூட மனைவி. "கொடுவாதானே, ஹாராதன்?" என்று கேட்டது ஜன்னல் வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது. ரொட்டித்தூளில் புரட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, எண்ணெயில் போடாமல் காத்திருந்தேன்.

ஹாராதன் அண்ணன் உப்பு ஜாடியைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து அந்தப் பெரியவரின் கண்களைப் பார்த்தார். பழைய காலத்துச் சிரிப்பு சிரித்தார்.

"கொடுவாதான் பாபு."

ஆர்டர் சொல்ல ஜன்னலுக்கு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடிக்குரலில், "பாக்காம சொன்னாத்தான்டா மாட்டிக்கிறோம்," என்றார். "ரெண்டு ஃப்ரை."

நான் இரண்டு துண்டையும் எண்ணெயில் போட்டேன்.